பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு திருவிழா

பூமத்திய ரேகையைப் பாய்மரக் கப்பலில் கடந்தேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற கேள்வி, "அங்கே என்ன தெரியும்?" என்பதுதான். கோடு தெரியாது. மிதவையோ எல்லைக்கல்லோ கிடையாது. நாலா பக்கமும் ஒரே நீலம். அப்புறம் எதற்கு அத்தனை கொண்டாட்டம், தலையில் முடியைக் கூட விடாமல்? இதைப் பலமுறை வாயால் விளக்கியாயிற்று. இந்த முறை எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கப்பலைப் பற்றி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோரத்தில் வுட்ஸ் ஹோல் என்று ஒரு சிற்றூர். கடல் ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். 1971-இல் தொடங்கிய சீ எஜுகேஷன் அசோசியேஷன் அங்கேதான் இருக்கிறது. கல்லூரி மாணவர்களைச் சில வாரம் கரையில் உட்காரவைத்துக் கடலியலும் கப்பலோட்டும் கலையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மீதி வாரங்களுக்குக் கடலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பசிபிக்கில் ஓடும் அவர்களுடைய கப்பலின் பெயர் ராபர்ட் சி. சீமன்ஸ். அப்போலோ காலத்தில் நாசாவின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்தவரின் பெயர் அது. 2001-இல் டகோமாவில் கட்டிய, 134 அடி நீள எஃகுக் கப்பல். இரண்டு பாய்மரம். முன்மரத்தில் குறுக்குக் கழிகளில் தொங்கும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாக்கில் விரியும் பாய். இந்த அமைப்புக்கு பிரிகன்டைன் என்று பெயர். நான் போன பயணம் ஹவாயின் ஹோனலூலுவிலிருந்து டஹிட்டித் தீவின் பப்பேட்டே துறைமுகம் வரை. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 4,400 கிலோமீட்டர். ஹோனலூலு வடக்கே 21 டிகிரியில், பப்பேட்டே தெற்கே பதினேழரை டிகிரியில். பாதி வழி தாண்டியதும் குறுக்கே அந்தக் கோடு.

இந்தக் கப்பலில் பயணி என்று யாரும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். எல்லோரையும் மூன்று வாட்ச் குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். காலை 7 முதல் 1 வரை ஒரு வாட்ச், 1 முதல் இரவு 7 வரை ஒன்று, பிறகு 7 முதல் 11, 11 முதல் 3, 3 முதல் காலை 7. ஐந்து வேளை, மூன்று குழு. ஆகவே இன்றைக்கு எனக்கு நள்ளிரவு என்றால் நாளைக்கு வேறு நேரம். சுக்கான் பிடிப்பது, கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது, மணிக்கொரு தரம் எஞ்சின் அறைக்குப் போய் அளவுமானிகளைக் குறிப்பது, ஆய்வகத்தில் மாதிரி எடுப்பது, சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது எல்லாமே மாணவர்கள் வேலை. பாதிப் பயணத்துக்கு மேல் அதிகாரிகள் மெல்லப் பின்னால் நகர்ந்து, "இந்த வாட்சை நீ நடத்து" என்று விட்டுவிடுவார்கள்.

ஹவாயை விட்டுத் தெற்கே இறங்கும்போது வடகிழக்கு வியாபாரக் காற்று கப்பலை அழகாகத் தள்ளிக்கொண்டு போகும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே வியாபாரக் காற்றுதான். பத்து டிகிரிக்குக் கீழே வந்ததும் அந்தச் சுகம் போய்விடும். வடக்கிலிருந்து வரும் காற்றும் தெற்கிலிருந்து வரும் காற்றும் முட்டிக்கொண்டு மேலே எழும் பகுதி அது. பசிபிக்கில் இந்தப் பட்டை பூமத்திய ரேகையின் மேல் இல்லாமல், பெரும்பாலும் அதற்கு வடக்கே சில டிகிரி தள்ளித்தான் கிடக்கிறது. காற்றே இருக்காது, பாய்கள் ஈரத்துணி போலத் தொங்கும். அடுத்த அரைமணியில் அடிவானத்தில் ஒரு கருப்புச் சுவர் எழும், ராடாரில் ஒரு திட்டு வளரும், "பாயை இறக்கு" என்று சத்தம் கேட்கும். இருட்டில் கயிற்றைக் கையால் தடவித்தான் அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு கயிறும் எந்த முளையில் கட்டியிருக்கிறது என்று கரையோரம் இருக்கும்போதே எங்களுக்குப் பரீட்சை வைத்தது ஏன் என்று அந்த ராத்திரிகளில் புரிந்தது. மழை கொட்டினால் தூக்கத்தில் இருப்பவர்கள் கூட ஷாம்பு பாட்டிலோடு மேல்தளத்துக்கு ஓடிவருவார்கள். கப்பலில் நல்ல தண்ணீர்க் குளியல் அளவோடுதான், வானம் தருவதை விடலாமா?

அந்தப் பட்டையைத் தாண்டித் தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியபோதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குளிர்ந்தது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வெக்கை ஏறும் என்றுதானே நினைப்போம்? மணிக்கொரு தரம் நாங்கள் எழுதிவந்த கடல்நீர் வெப்பநிலை இறங்கிக்கொண்டு வந்தது. இரவு வாட்சில் நண்பர்கள் பெட்டிக்கு அடியிலிருந்து ஸ்வெட்டரைத் தேடி எடுத்தார்கள்.

காரணம் ரொம்ப அழகானது. பூமியின் சுழற்சியால், வடபாதியில் ஓடும் நீர் வலப்பக்கம் விலகும், தென்பாதியில் இடப்பக்கம் விலகும். காற்று நீரை மேற்கே தள்ளுகிறது. மேற்கே போகிறவனுக்கு வலம் என்பது வடக்கு, இடம் என்பது தெற்கு. ஆகவே கோட்டுக்கு வடக்கே உள்ள மேல்நீர் வடக்கே நகர்கிறது, தெற்கே உள்ளது தெற்கே நகர்கிறது. நடுவில் விழும் இடைவெளியை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதோடு உரமும் வருகிறது, நுண்பாசி தழைக்கிறது, அதைத் தின்னும் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்னும் மீன்கள், கடைசியில் சூரை. எல் நினோ வரும் ஆண்டுகளில் காற்று தளர்ந்து இந்தக் குளிர்ப்பட்டை மங்கிவிடும், நாங்கள் போனது அப்படிப்பட்ட ஆண்டு இல்லை. வரைபடக்காரர்கள் போட்ட கற்பனைக் கோடு என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! கடலுக்கு அந்தக் கோடு தெரியும். எங்கள் வெப்பமானிக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. மேல்நீர் மேற்கே ஓடும்போது, அதற்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில், சரியாகக் கோட்டின் மேல், பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நீரோட்டம் நேரெதிராகக் கிழக்கே பாய்கிறது. 1952-இல் டவுன்சென்ட் க்ராம்வெல் என்ற கடலியலாளர் அதைப் பசிபிக்கில் கண்டார். சூரை பிடிக்க ஆழத்தில் இறக்கிய நீளத் தூண்டில்கள், மேல்நீர் போகும் திசைக்கு எதிராக இழுபடுவதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. அவர் 1958-இல் ஒரு விமான விபத்தில் இளவயதிலேயே இறந்துபோனார். அந்த நீரோட்டத்துக்கு இன்று அவர் பெயரும் உண்டு. எங்கள் கப்பலின் அடியில் ஒலி அனுப்பி நீரின் ஓட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் திரையில் மேற்கே போகும் நீர் நீலமாகவும் கிழக்கே போகும் நீர் சிவப்பாகவும் தெரியும். கோட்டை நெருங்கிய இரவில் நீலத்துக்குக் கீழே ஒரு சிவப்புத் திட்டு முளைத்து, மணிக்கு மணி தடித்துக்கொண்டே வந்தது. தூங்க வேண்டிய நேரத்தில் பாதி வகுப்பு ஆய்வகத்தில் அந்தத் திரை முன்னால் நின்றது. எனக்கு விழா தொடங்கியது அங்கேதான்.

அதே இரவில் மேல்நீரை வடிகட்டும் வலையை அரைமணி நேரம் இழுத்தோம். வலையின் நுனிக் குப்பியைத் தட்டில் கவிழ்த்துச் சிவப்பு விளக்கில் பார்த்தால், கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள், வயிற்றில் விளக்குப் புள்ளிகள் வைத்த சின்ன மீன்கள், நடுவே நீளக்கால் பூச்சிகள். நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் மேல் ஓடுமே, அதே குடும்பம். இந்தக் கடல் வகையை ஹாலோபேட்டிஸ் என்பார்கள். பூச்சியினத்தில் நடுக்கடலில் வாழ்வது இந்தச் சாதி மட்டும்தான். ஒன்றை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். எடையே இல்லை. வெள்ளி பூசிய வயிறு. கரையே கண்ணில் படாத நடுக்கடலில், அலையின் மேல், நனையாமல் அது எப்படி வாழ்க்கையை நடத்துகிறது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். எண்ணி, எழுதி, கடலிலேயே விட்டோம்.

வானத்திலும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. தெற்கே போகும் ஒவ்வொரு 60 கடல் மைலுக்கும் துருவ நட்சத்திரம் ஒரு டிகிரி இறங்கும். ஹோனலூலுவில் 21 டிகிரி உயரத்தில் நின்றது, கன்னியாகுமரியில் தெரிகிற எட்டு டிகிரிக்கு வந்தது, பிறகு அடிவானத்துப் புகைமூட்டத்தில் காணாமல் போனது. தெற்கே அகத்திய நட்சத்திரம் ஊரில் பார்த்ததை விட நன்றாக மேலே ஏறி நின்றது. நவம்பர் மாதம் என்பதால் தென்சிலுவையைப் பார்க்க 3 மணி வாட்சில் இருக்க வேண்டும்.

கடக்கும் நேரம் முற்பகலில் வரும் என்று முந்தின நாளே கணக்குப் போட்டுவிட்டோம். மாலையில் கேப்டன் எல்லோரையும் கூட்டினார். நாளைக்குக் கடலரசன் நெப்டியூன் கப்பலேறுவார், இதுவரை கோட்டைக் கடக்காதவர்கள் போலிவாக், கடந்தவர்கள் ஷெல்பேக், இது பழைய மரபு என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, யாருக்கு எந்தப் பகுதி வேண்டாமோ ஒதுங்கிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது என்றார். அதை அவர் குரல் மாற்றிச் சொன்னது நினைவிருக்கிறது.

மறுநாள் அந்த நிமிடம். ஜிபிஎஸ் திரையில் நிமிடத்துக்குப் பின்னால் மூன்று தசம இலக்கம் ஓடும். ஓர் அட்சரேகை நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். கடைசி இலக்கம் என்பது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் போகும்போது அது நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் மாறும். ஆக, அத்தனை பூஜ்ஜியமும் சேர்ந்து நிற்பது ஒரு நொடி கூட இல்லை. ஆளாளுக்குக் கேமராவோடு வரைபட அறைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஆனால் கப்பல் ஒரு புள்ளி இல்லையே. 134 அடி நீளம், 41 மீட்டர். அணியம் தென்பாதிக்குள் நுழைந்த பிறகு பின்முனையான அமரம் நுழைய 16 நொடி ஆகும். அந்த 16 நொடியும் கப்பல் இரண்டு பாதியிலும் இருந்தது. அணியத்தில் நின்றவள் தெற்கில், பின்தளத்தில் நின்றவர்கள் வடக்கில்.

சுக்கானில் இருந்தவன் திரையைப் பார்க்கவே இல்லை. அவன் கண் திசைகாட்டியில். எல்லோரும் கத்தினார்கள், சங்கு ஊதினார்கள், சமையல்காரர் பாத்திரத்தைத் தட்டினார். அவன் கையில் சக்கரம், உதட்டில் மட்டும் சிரிப்பு, கப்பல் ஒரு டிகிரி கூட விலகவில்லை. யார் சுக்கானில் இருப்பது என்று யாரும் சண்டை போடவில்லை. வாட்ச் அட்டவணைப்படி அவன் முறை, அவ்வளவுதான். எனக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

பிறகு நெப்டியூன் வந்தார். தரை துடைக்கும் நூல்துடைப்பத்தைப் பிரித்துத் தாடி, வலைக்குச்சியில் சூலம், பழைய பாய்த்துணியில் அங்கி. எஞ்சினியர் அவருடைய ராணி. சடங்கின் சில பகுதிகளை வெளியே சொல்வதில்லை என்பது கடந்தவர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம், அதை நான் மீறமாட்டேன். சொல்லக்கூடியது இது: ஒவ்வொருவரும் கடலரசனுக்கு ஒரு காணிக்கை கொடுக்க வேண்டும். ஒருத்தி பாட்டு கொடுத்தாள். ஒருவன் பயணம் முழுக்க எழுதிய வானிலைக் குறிப்பை மனப்பாடமாக ஒப்பித்தான். மிஞ்சிப்போன காலைக்கஞ்சி பலருடைய தலையில் இறங்கியது. கடல்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு எல்லோரையும் கழுவினார்கள். வேண்டியவர்கள் முடியைக் கொடுத்தார்கள்.

எங்களில் பாதிப் பேர் மொட்டை. கப்பலில் மொட்டையடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கப்பல் உருளும்போது மெஷின் பிடித்தவர் நிலைதடுமாறாமல் இருக்க, இரண்டு பேர் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தவர் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் முடி அத்தனையும் அடுத்தவர் வாயில். உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு நுரைக்காது, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்புதான் நுரைக்கும். பழனியில் முடி இறக்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது எதுவும் புதுசாகவே தோன்றவில்லை. வேண்டிக்கொண்டு ஒரு தூரம் போவது, போய்ச் சேர்ந்ததும் தலையைக் கொடுப்பது, பிறகு ஊரே உன்னைப் பார்த்துப் புன்னகைப்பது. நானும் கொடுத்தேன். தலையில் நேராக வெயிலும் காற்றும் பட்ட அந்த முதல் நிமிடத்தை இப்போது நினைத்தாலும் உச்சி குளிர்கிறது.

எங்கள் பெரியப்பா தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்தவர். அவருக்கும் ரேகைச் சடங்கு நடந்தது. பழைய கிரீஸைக் கண், மூக்கு, வாய் என்று பார்க்காமல் பூசி, முட்டிபோட வைத்து, மூத்தவர்கள் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

அவருடைய அனுபவம் தனி அல்ல. 1832 பிப்ரவரி 17 அன்று பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வினுக்கு நடந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அப்போதுதான் 23 வயது முடிந்திருந்தது. புதியவர்கள் 32 பேரை இருட்டான கீழ்த்தளத்தில் அடைத்து, ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டி அழைத்துப்போய், முகத்தில் தாரும் பெயின்ட்டும் பூசி, சொரசொரப்பான இரும்புப் பட்டையால் சுரண்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். தனக்கு நடந்ததை விட மற்றவர்களுக்கு நடந்தது மோசம் என்றும் எழுதுகிறார். அதற்கு முன்னால் 1768-இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில், கோட்டைக் கடக்காதவர்கள் பட்டியலில் நாய் பூனையைக் கூட விடவில்லை. செல்வந்தரான ஜோசப் பேங்க்ஸ் தனக்கும் தன் வேலையாட்களுக்கும் நாய்களுக்கும் சேர்த்துச் சாராயம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். கொடுக்காத மாலுமிகளைக் குறுக்குக் கழியிலிருந்து மூன்று முறை கடலில் முக்கி எடுத்தார்கள். 1995-இல் ஆஸ்திரேலியக் கடற்படையின் ஆன்ஸ்லோ நீர்மூழ்கியில் நடந்த சடங்கின் ஒளிப்பதிவு தொலைக்காட்சியில் வெளியாகி, அந்த நாடே அதிர்ந்தது.

இது மரபு, அப்படித்தான் இருக்கும் என்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. 1529-இல் பிரான்சின் தியெப் துறைமுகத்திலிருந்து பார்மாந்தியே சகோதரர்கள் சுமத்ராவை நோக்கிக் கப்பலோட்டினார்கள். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ரேகைச் சடங்குக் குறிப்புகளில் ஒன்று அந்தப் பயணத்துடையது. கோட்டைக் கடந்த சுமார் ஐம்பது பேருக்கு வீரர் பட்டம் சூட்டினார்கள், பூசை வைத்தார்கள், பிடித்த மீனைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அதாவது, பழைய மரபு என்று பேசுவதானால் பட்டமும் விருந்தும் இருக்கிறது. கிரீஸ் பூசுவது யாரோ நடுவில் சேர்த்தது.

புதியவன் தாங்குவானா என்று பார்ப்பதற்குத்தான் அத்தனை முரட்டுத்தனமும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். மாணவர் கப்பலில் அந்த நியாயம் நிற்காது. நாங்கள் தாங்குவோமா என்பதை அந்தக் காற்றில்லாப் பட்டையில் கழிந்த இரவுகளே சோதித்துவிட்டன. மழையில் பாயை இறக்கியது யார், வாந்தியெடுத்துக்கொண்டே சுக்கானை விடாமல் நின்றது யார், தன் தூக்கத்தை விட்டு அடுத்தவளின் வாட்சை வாங்கிக்கொண்டது யார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்கு வந்து சேரும்போது யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கொண்டாட வேண்டியது மட்டும்தான் பாக்கி. கஞ்சி தலையில் இறங்கும்போது அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், ஊற்றியவர்கள் ஊற்றிக்கொண்டவர்கள் உட்பட.

கைகழுவும் தொட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் யாராவது கேட்பீர்கள். கோட்டுக்கு வடக்கே ஒரு பக்கமும் தெற்கே மறுபக்கமும் தண்ணீர் சுழன்று வடியும் என்பது கதை. பூமியின் சுழற்சி புயலையும் நீரோட்டத்தையும் திருப்பும். ஒரு சின்னத் தொட்டியில் அதன் விசை கணக்கிலேயே வராது. தொட்டியின் வடிவமும் நீ ஊற்றிய விதமும்தான் சுழலைத் தீர்மானிக்கும். ஆடும் கப்பலில் கேட்கவே வேண்டாம், எங்கள் சமையலறைத் தொட்டி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வடிந்தது.

பிற்பகலில் வழக்கம்போல அடுத்த வாட்ச் ஏறியது. லாக் புத்தகத்தில் மணிக்கொரு வரி எழுதும் கட்டத்தில், வடக்கு என்று எழுதிப் பழகிய கை தெற்கு என்று எழுதியது. கப்பலுக்குப் பின்னால் விட்டிருந்த தூண்டிலில் ஒரு சூரை மாட்டியது. சமையல்காரர் அதை வெட்டுவதைச் சுற்றி நின்று பார்த்தோம். மொட்டைத் தலைகள் எல்லாம் வெயிலில் சிவந்து, சன்ஸ்கிரீன் பூசிப் பளபளத்தன.

பப்பேட்டேயில் இறங்கியதும் பெரியப்பாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

"என்னம்மா, ரேகை தாண்டியாச்சா? உன்னையும் மண்டி போட வெச்சானுவளா?"

"இல்ல பெரியப்பா. கஞ்சி ஊத்தினாங்க, மொட்டை போட்டுக்கிட்டேன், மீன் குழம்பு மாதிரி ஒண்ணு வெச்சாங்க."

"என்ன மீனு?"

"சூரை."

"அப்ப நல்லாத்தான் நடத்திருக்கானுவ," என்றார். பிறகு அரைமணி நேரம் சூரையை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.